விழுங்கிய மாத்திரை ஆற்றுக்கு எப்படிப் போகிறது? வைரஸ் மருந்து எச்சங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றுத் தண்ணீரில் ரசாயனம் என்றால் நமக்குச் சாயப்பட்டறையும் தோல் பதனிடும் ஆலையும்தான் உடனே ஞாபகத்துக்கு வரும். நாம் காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, நம்புகிறவர்களோ சட்டென்று பயந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன உண்மை என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இன்ஃபுளூயன்ஸா என்ற ஃபுளூ காய்ச்சலுக்குத் தருவது, டாமிஃபுளூ என்ற பெயரில் விற்கும் ஆசெல்டாமிவிர். அந்த மருந்தைப் பற்றி அதிகம் பேசியிருப்பேன். இந்த வகை மருந்துகளில் ஆற்றோடு சேர்த்து நன்றாக ஆராயப்பட்டவற்றில் அது முக்கியமானது.

மாத்திரை உடம்பிலேயே கரைந்து தீர்ந்துவிடாதா?

கரையும், ஆனால் தீராது. டாமிஃபுளூவில் நடப்பதைப் பாருங்கள். விழுங்கும்போது அது வேலை செய்யாத வடிவத்தில் இருக்கிறது. கல்லீரல்தான் அதை ஆசெல்டாமிவிர் கார்பாக்சிலேட் என்ற வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிறது. போட்ட அளவில் முக்கால் பங்காவது இந்த வடிவத்தில் ரத்தத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு உடம்பு அதை உடைப்பதில்லை, சிறுநீரகம் அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 5 நாள், மொத்தம் 750 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி, வைரஸைத் தடுக்கும் சக்தி குறையாமல், கழிப்பறை வழியாகச் சாக்கடைக்குப் போகிறது.

மருந்துக்கு மருந்து இது மாறும். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் லாமிவுடினில் சுமார் 70 சதவீதம் மாறாமலே சிறுநீரில் வரும். ஜிடோவுடினில் பெரும்பகுதியை உடம்பு ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டி அனுப்புகிறது, ஆனால் சாக்கடையில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கட்டை அவிழ்த்து மறுபடியும் பழைய மருந்தாக்கிவிட முடியும். அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர் மாத்திரையைக் குடல் சரியாக உறிஞ்சுவதே இல்லை. 800 மில்லிகிராம், தினம் ஐந்து வேளை, ஏழு நாள் என்றால் 28 கிராம், அதில் பெரும்பங்கு மலத்தோடு போய்விடும்.

அதற்குத்தானே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது?

அது இதற்காகக் கட்டப்பட்டதல்ல. பெரும்பாலான நிலையங்கள் செய்வது இதுதான்: காற்றை ஊதி, நுண்ணுயிர்களை வளர்த்து, மலம், சோற்றுக் கஞ்சி, சோப்பு போன்ற சுலபமாக மட்கும் அழுக்கை அவற்றுக்குத் தீனியாக விடுவது. வெளியேறும் தண்ணீரில் பி.ஓ.டி. (மட்கும் அழுக்கு எவ்வளவு என்று காட்டும் அளவு) குறைந்திருக்கிறதா, மிதக்கும் கசடு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்திருந்தால் நிலையம் ஒழுங்காக ஓடுகிறது என்று கணக்கு. நானோகிராம் அளவில், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில், இருக்கும் ஒரு மருந்து மூலக்கூறை அங்கே யாரும் தேடுவதும் இல்லை, தேட வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் சொல்வதும் இல்லை.

2007இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான சுத்திகரிப்புப் படிகள் எதிலும் ஆசெல்டாமிவிர் கார்பாக்சிலேட் நீங்கவும் இல்லை, சிதையவும் இல்லை. தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருள் என்பதால் அடியில் தங்கும் கசடோடு ஒட்டிக்கொண்டு போவதும் கிடையாது. உள்ளே வந்ததில் பெரும்பகுதி அப்படியே வெளியே போகிறது.

ஆற்றில் உண்மையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்களா, இல்லை ஊகமா?

கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊகமாக இருந்தது 2007 வரைக்கும்தான்.

இடம் ஜப்பான், யோதோ ஆறு. பீவா ஏரியிலிருந்து வரும் தண்ணீரோடு கியோட்டோ பக்கமிருந்து வரும் கட்சுரா ஆறும் இன்னொரு ஆறும் கலந்து, யோதோ என்ற பெயரில் ஒசாகா விரிகுடாவில் விழுகிறது. கியோட்டோவின் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரை விடுவதும் இந்த ஆற்று அமைப்பில்தான், கீழே ஒசாகா குடிநீர் எடுப்பதும் இதிலேதான். ஜப்பானில் போய்த் தேடியதற்குக் காரணம் உண்டு. 2009க்கு முந்தைய ஆண்டுகளில் உலகத்தில் வேறு எந்த நாட்டையும்விட டாமிஃபுளூவை அதிகம் பயன்படுத்தியது ஜப்பான். அங்கே சாதாரணக் குளிர்காலக் காய்ச்சலுக்கே மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுப்பார்கள்.

2008-09 குளிர்காலத்தில் கியோட்டோவில் எடுத்த மாதிரிகளில், வழக்கமான முறையில் இயங்கும் ஒரு நிலையம் வெளியேற்றிய தண்ணீரில் லிட்டருக்கு 293 நானோகிராம் வரை இருந்தது. அந்தத் தண்ணீர் கலக்கும் ஆற்றில், காய்ச்சல் உச்சத்தில் இருந்த சமயம், ஏறத்தாழ 7 முதல் 190 நானோகிராம். கடைசிப் படியாக ஓசோன் வாயு செலுத்தும் இன்னொரு நிலையத்தின் தண்ணீரில் இருந்ததோ சுமார் 38 நானோகிராம்தான். இந்த மூன்றாவது எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தீர்வைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

லிட்டருக்கு 190 நானோகிராம் என்றால் குடிப்பவர்களுக்கு என்ன ஆகும்?

நேரடியாக ஒன்றும் ஆகாது என்றே சொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு 75 மில்லிகிராம் மாத்திரை அளவு மருந்து உடம்பில் சேர வேண்டுமானால், அந்த ஆற்றுத் தண்ணீரை அப்படியே கிட்டத்தட்ட 3 லட்சத்து 95 ஆயிரம் லிட்டர் குடிக்க வேண்டும். தினம் 2 லிட்டர் என்றால் 540 வருடம். அதோடு ஒசாகாவில் ஆற்றுத் தண்ணீரை ஓசோனும் ஆக்டிவேட்டட் கார்பனும் (அசுத்தத்தை உறிஞ்சிப் பிடிக்கும் கரி) கொண்டு சுத்தம் செய்த பிறகே குழாயில் விடுகிறார்கள்.

"குடிநீரில் மருந்து" என்று தலைப்புப் போட்டுப் பயமுறுத்துவதை நான் ஏற்பதில்லை. கவலைப்பட வேண்டிய இடம் வேறு, அது தண்ணீரிலேயே வாழும் உயிர்களிடம் இருக்கிறது.

அப்படி என்ன உயிர்?

வாத்து. இன்ஃபுளூயன்ஸா ஏ வைரஸின் உண்மையான வீடு மனிதனின் தொண்டை இல்லை, காட்டு வாத்துகளின் குடல். அதிலும் தலை பச்சையாக மின்னுமே, மல்லார்டு என்ற வாத்து, அது இந்த வைரஸை ஏராளமாகச் சுமக்கிறது. பெரும்பாலும் அதற்கு நோய்கூட வராது. எச்சத்தில் வைரஸ் வெளியேறும், அதே தண்ணீரை அடுத்த வாத்து குடிக்கும், தொற்று பரவும். ஆக வைரஸ், வாத்து, தண்ணீர் மூன்றும் எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் வைரஸைத் தடுக்கும் மருந்தும் கொஞ்சம் கலந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மனிதர்களுக்குக் காய்ச்சல் வரும் குளிர்காலத்தில்தான் மருந்து ஆற்றில் அதிகம் இருக்கும். வாத்துகள் யோதோ ஆற்றில் வந்து தங்குவதும் அதே குளிர்காலத்தில்தான். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தண்ணீர் விழும் இடம் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், தீனியும் கிடைக்கும் என்பதால் அங்கேயே கூட்டமாக நிற்பதும் உண்டு.

இதை ஸ்வீடனில் யோசெஃப் யார்ஹுல்ட் குழுவினர் நேராகச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். மல்லார்டு வாத்துகளுக்கு இன்ஃபுளூயன்ஸா ஏ-யில் எச்1என்1 என்ற வகைப் பறவை வைரஸைத் தொற்ற வைத்து, அவை குடிக்கும் தண்ணீரில் மருந்தை வேறு வேறு அளவில் கலந்தார்கள். பழைய வாத்துகளோடு புதிய வாத்துகளைச் சேர்த்து, தொற்று ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவும்படி விட்டார்கள். லிட்டருக்கு 80 நானோகிராம் அளவில் வைரஸ் மாறவில்லை. 1 மைக்ரோகிராம், அதாவது 1000 நானோகிராம் அளவுக்குப் போனபோது, மருந்துக்கு அடங்காத வைரஸ் தோன்றிவிட்டது. டாமிஃபுளூ தாக்குவது வைரஸின் மேற்பரப்பில் உள்ள நியூராமினிடேஸ் என்ற நொதியை. அந்த நொதியின் 274ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். எச்274ஒய் என்று அதைக் குறிக்கிறார்கள். நோயாளிகளிடம் மருந்து வேலை செய்யாமல் போகும்போது பார்க்கும் அதே மாற்றம் இது.

சரி, மருந்து தண்ணீரில் இல்லாத இடத்துக்கு வாத்து பறந்துவிட்டால் வைரஸ் பழையபடி ஆகிவிடாதா என்று கேட்கலாம். மருந்து இல்லாத தண்ணீரிலும் அந்த மாறிய எச்1என்1 வைரஸ் வாத்துகளிடையே அப்படியே நீடித்ததைப் பின்னர் இன்னொரு சோதனையில் பார்த்தார்கள். எனக்கு உண்மையான கவலையைத் தந்தது இந்த இரண்டாவது முடிவுதான்.

பறவை வைரஸ் பறவையிடமே நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. 1957இல் உலகமெங்கும் பரவிய ஆசியக் காய்ச்சல் வைரஸின் நியூராமினிடேஸ் மரபணு பறவை வைரஸிலிருந்து வந்ததுதான். ஒரு பெருந்தொற்றின் முதல் சில மாதங்களில் தடுப்பூசி கையில் இருக்காது, மாத்திரை மட்டும்தான் இருக்கும். அந்த மாத்திரைக்கு அடங்காத வைரஸாக அது தொடங்கினால் நம் கையில் என்ன மிஞ்சும்?

2008இல் டாமிஃபுளூவுக்கு அடங்காத காய்ச்சல் உலகமெங்கும் பரவியதே, அது ஆற்றிலிருந்து வந்ததா?

இல்லை. இதைப் பலரும் தவறாக முடிச்சுப் போடுகிறார்கள். 2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் பார்த்த எச்1என்1 வைரஸ்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அந்த எச்274ஒய் மாற்றத்தோடு இருந்தன. அடுத்த பருவத்துக்குள் உலகமெங்கும் சாதாரண எச்1என்1 ஏறக்குறைய முழுவதும் அப்படி ஆனது. ஆனால் நார்வேயில் டாமிஃபுளூ பயன்பாடு மிகக் குறைவு. அதிகம் பயன்படுத்திய ஜப்பானிலோ அந்தப் பருவத்தில் அடங்காத வைரஸ் சொற்பம். மனிதர்களிடையே பரவும்போதே வைரஸுக்குள் வேறு சில மாற்றங்கள் முன்னதாக நடந்து, இந்த மாற்றத்தைப் பலவீனமில்லாமல் தாங்க வழி செய்துவிட்டன என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். 2009இல் வந்த, பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொன்ன புதிய எச்1என்1 அந்தப் பழைய வைரஸையே ஓரங்கட்டிவிட்டது.

மறுபடி ஆற்றுக்கு வருவோம். கியோட்டோ ஆற்றில் அளந்த அந்த உச்ச அளவு 190, வாத்தில் மாற்றம் தோன்றிய அளவு 1000. இடைவெளி இருக்கிறது. ஆனால் ஐந்து மடங்கு இடைவெளி எனக்கு ஆறுதலாக இல்லை, ஏனென்றால் அது ஒரு சாதாரணக் காய்ச்சல் பருவத்தின் அளவு. பெருந்தொற்றில் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாத்திரை போட்டால் அந்த எண் அங்கேயே நிற்காது.

காய்ச்சல் மருந்து வருடத்தில் சில வாரம்தானே? மற்ற நாளில் ஆறு சுத்தமாகிவிடாதா?

டாமிஃபுளூவுக்கு அது ஓரளவு பொருந்தும். எச்.ஐ.வி. மருந்துக்குப் பொருந்தாது. அதை ஆயுள் முழுக்க, தினமும் போட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சையில் இருக்கிறார்கள், உலகிலேயே பெரிய திட்டம் அது. அங்குள்ள ஆறுகளிலும் அணைகளிலும் நெவிராபின் முதலிய மருந்துகள் கிடைத்திருக்கின்றன. கென்யாவில் நைரோபி ஆற்றில் லாமிவுடினும் ஜிடோவுடினும் நெவிராபினும் நானோகிராமைத் தாண்டி மைக்ரோகிராம் அளவில் இருந்தன. நகரத்தின் பெரும்பகுதிக்குச் சாக்கடைக் குழாயே கிடையாது, கழிவு நேராக ஆற்றில் விழுகிறது, ஆற்றிலும் கலந்து கரைக்கப் போதுமான தண்ணீர் ஓடுவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் வரும் விளைவு அது.

தென்னாப்பிரிக்காவில் பல வருடம் முதல் வரிசை எச்.ஐ.வி. மருந்தாக இருந்த எஃபாவிரென்ஸ் வேறு மாதிரி. தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும், அதனால் கசடோடு ஒட்டும். அந்தக் கசடை வயலுக்கு எருவாகப் போட்டால் மருந்து மண்ணுக்குப் போகிறது. அங்கே ஒரு மீனை இந்த மருந்து கலந்த தண்ணீரில் நான்கு நாள் விட்டுப் பார்த்ததில், லிட்டருக்குச் சுமார் 20 நானோகிராம் அளவிலேயே ஈரல் பாதித்தது. மீன் எது தெரியுமா? மொசாம்பிக் திலாப்பியா, அதாவது நம் ஏரிகளிலும் அணைகளிலும் பிடித்து விற்கும் ஜிலேபி மீன்.

ஜிடோவுடினுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது ஈ.கோலை போன்ற சில பாக்டீரியாக்களையும் கொல்லும். ஆகவே சாக்கடையில் அது இருப்பது, பாக்டீரியாக்களில் எதிர்ப்பு வளர்வதற்கும் ஒரு தூண்டுதலாகலாம்.

மருந்து உடைந்து வேறு பொருளாகிவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே?

எப்போதும் இல்லை. ஜெர்மனியில் அசைக்ளோவிரைப் பின்தொடர்ந்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் அதை நன்றாகவே மாற்றிவிடுகின்றன, உள்ளே போனதில் மிகக் கொஞ்சம்தான் வெளியே வருகிறது. ஆனால் அது கார்பாக்சி அசைக்ளோவிர் என்ற பொருளாக மாறி அங்கேயே நின்றுவிடுகிறது, மேற்கொண்டு உடைவதில்லை. ஆற்றிலும் குடிநீரிலும் கிடைத்தது இதுதான். அதன் மேல் ஓசோன் செலுத்தினால் மூன்றாவதாக ஒரு பொருள் வருகிறது, அது ஆக்டிவேட்டட் கார்பனிலும் சிக்குவதில்லை. ஆற்றில் இருப்பதைவிட மிக அதிகச் செறிவில் ஆய்வகத்தில் சோதித்தபோது, மூல மருந்து தொந்தரவு செய்யாத நீர்ப்பூச்சிக்கும் பாசிக்கும் இந்த மாறிய பொருள்கள் தொந்தரவு தந்தன. "95 சதவீதம் நீக்கிவிட்டோம்" என்று யாராவது சொன்னால், எதுவாக மாறியது என்பதையும் கேளுங்கள்.

கொரோனா சமயத்தில் நாம் போட்ட மாத்திரைகள்?

2020இல் இந்தியாவில் நிறையக் கொடுத்த ஃபாவிபிராவிரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 1800 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 800 மில்லிகிராம் இரண்டு வேளை, முழு 14 நாளும் போட்டால் 24 கிராமுக்கு மேல். டாமிஃபுளூவின் முக்கால் கிராமோடு ஒப்பிட்டால் எடை மலைப்பாக இருக்கிறது. ஆனால் உடம்பு அதில் பெரும்பகுதியை வேலை செய்யாத பொருளாக மாற்றித்தான் சிறுநீரில் அனுப்புகிறது. மாத்திரையின் எடையை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்கக் கூடாது.

நம் ஊர் நிலைமை என்ன?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். இந்திய நகரங்களில் நாளுக்கு உருவாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,024 கோடி லிட்டர், அதாவது 28 சதவீதம். மீதி எந்த நுண்ணுயிரும் தொடாமல் ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலுக்கோ போகிறது. கியோட்டோவில் கடைசிப் படியாக ஓசோன் வேண்டுமா என்று பேசுகிறார்கள், நாம் இன்னும் முதல் படிக்கே வரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

கோடையில் நம் ஆறுகளின் நிலைமையையும் சேர்த்து யோசியுங்கள். கூவத்தில் மழை இல்லாத மாதங்களில் ஓடுவதே கழிவுநீர்தான், கலந்து கரைக்க நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? செப்டிக் டேங்க் வீடுகளில் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா, ஊருக்கு வெளியே ஏதாவது ஓடையில் திறந்துவிடப்படுகிறதா என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே அறிவார்கள்.

சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆர்.ஓ. சவ்வு இந்த மாதிரி மூலக்கூறுகளைப் பெருமளவு தடுத்துவிடும். ஆக தொழில்நுட்பம் நம் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. தொழிற்சாலைக்குத் தண்ணீர் தேவை என்றதும் பணம் வந்தது, ஆற்றுக்காக என்றால் வருவதில்லை.

வேறு நாடுகளில் யார் செலவு செய்கிறார்கள்?

ஸ்விட்சர்லாந்து 2016 முதல் ஆளுக்கு வருடம் 9 ஃபிராங்க் வரை கட்டணம் வாங்கி, தேர்ந்தெடுத்த நிலையங்களில் ஓசோனோ (கியோட்டோவில் 38 நானோகிராம் மட்டும் இருந்த நிலையம் செலுத்தியது இதைத்தான்) ஆக்டிவேட்டட் கார்பனோ சேர்த்து வருகிறது. 2040க்குள் முடிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: பெரிய நகரங்களின் நிலையங்கள் 2045க்குள் இந்த நான்காம் கட்டச் சுத்திகரிப்பைச் செய்ய வேண்டும், அதற்கான கூடுதல் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து நிறுவனங்களும் அழகுசாதன நிறுவனங்களும் ஏற்க வேண்டும். நிறுவனங்கள் எதிர்க்கின்றன. எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது. மருந்தை விற்று லாபம் பார்ப்பவர், அது ஆற்றில் சேர்வதைத் தடுக்கும் செலவிலும் பங்கு தரட்டும்.

அப்படியானால் நான் மாத்திரை போடுவதைக் குறைத்துக்கொள்ளவா?

வேண்டாம். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவர்கள் ஒரு வேளைகூட விடக் கூடாது. இந்தியாவில் 2004 ஏப்ரலில் இலவச சிகிச்சை தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று, அதற்குப் பிறகு எத்தனை உயிர் பிழைத்தது என்பது நமக்குத் தெரியும். ஆற்றைக் காப்பாற்றும் பொறுப்பை நோயாளியின் தலையில் வைப்பதைப் போல அநியாயம் வேறு இல்லை. சிறுநீர் கழிப்பது குற்றமில்லை, அதைச் சுத்தம் செய்யாமல் விடுவதுதான் குற்றம்.

சாதாரண சளிக்கு நீங்களாகவே போய் வைரஸ் மருந்து வாங்கிப் போடுவது வேறு விஷயம், அதை நிறுத்துங்கள். சளிக்கு டாமிஃபுளூ கேட்காது. இன்ஃபுளூயன்ஸாவுக்கும் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாமா?

கூடாது. உடம்பு வழியாகப் போவதையாவது தவிர்க்க முடியாது, இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. 2009 பெருந்தொற்றின்போது இங்கிலாந்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு டாமிஃபுளூ கொடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பகுதியில் சாக்கடைத் தண்ணீரில் மருந்தை அளந்து கணக்குப் பார்த்தபோது, வாங்கியதில் ஏறத்தாழ பாதிதான் விழுங்கப்பட்டது என்று தெரிந்தது. மீதி எத்தனை வீட்டு அலமாரியில் கிடந்து, பிறகு எங்கே போனதோ.

இந்தியாவின் திடக்கழிவு விதிகள் மருந்தைத் தனியாகப் பிரிக்க வேண்டிய வீட்டுக் கழிவு என்று சொல்கின்றன. பெயிண்ட் டப்பா, டியூப் லைட், பழைய பேட்டரி இவற்றோடு சேர்த்து, மக்கும் குப்பையிலும் மக்காத குப்பையிலும் கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். அட்டையிலிருந்து பிரிக்காமல் ஒரு கவரில் போட்டு, மேலே "மருந்து" என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் கையில் கொடுங்கள். உங்கள் பகுதியில் தனியாக வாங்க மாட்டேன் என்றால் வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், விதி உங்கள் பக்கம் இருக்கிறது. திரும்ப வாங்கும் மருந்துக்கடையும் மருத்துவமனையும் சில ஊர்களில் உண்டு, ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்.